மருதேவியம்மா நாக்கு ஜர்னல்ல வந்த கதை

"பல்லு நாக்குல குத்துதும்மா. எடது பக்கம், கீழ, கடைசிக்கு முந்தின பல்லு."

மருதேவியம்மா இதை யார்கிட்ட சொன்னாங்கன்னு கேக்காதீங்க. யார்கிட்ட சொல்லலன்னு கேளுங்க. பால்காரர்கிட்ட சொன்னாங்க. வேங்கிக்கால் வழியா போற மினி பஸ் கண்டக்டர்கிட்ட சொன்னாங்க. அவரு டிக்கெட்டைக் கிழிச்சுட்டே, "கிராம்பு வெய்யுங்கம்மா"ன்னாரு. எங்க அம்மா தெருவுல பாத்து "நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்டாலும் அதே பதில்தான். இதை அவங்க மாதிரியே சொல்லணும்னா நாக்கை வலது பக்கமா ஒதுக்கி வெச்சுக்கிட்டு, "குத்துது"ல வர்ற ரெண்டு "த"வையும் கொஞ்சம் மெத்துன்னு வுடணும். நான் நல்லா செய்வேன். அவங்க எதிர்லயே செஞ்சு காட்டியிருக்கேன். "இன்னும் கொஞ்சம் வலியோட சொல்லு நூரைன்"ன்னு திருத்துவாங்க.

அந்தப் பல்லோட சரித்திரம் சின்னதுதான். வறுத்த மல்லாட்டைல, அதான் வேர்க்கடலைல, ஒரு கல்லு இருந்துது. கடிச்சாங்க. பல்லுல ஒரு மூலை பேந்துடுச்சு. மல்லாட்டை வீட்டுக்காரர் மண்டியிலிருந்து வந்தது, கல்லும் அங்கிருந்துதான். அவரு பேரு தரணேந்திர நயினார், கீழ்பென்னாத்தூர்ல மல்லாட்டை புரோக்கர். நாங்க பக்கத்து வீடு. நான் நயினார் மாமான்னு கூப்பிடுவேன், அவங்களை தேவிம்மான்னு.

தேவிம்மாவுக்குத் தொழில் மனு எழுதறது. கலெக்டர் ஆபீஸுக்கு வெளிய, புங்க மரத்தடியில, ஒரு பிளாஸ்டிக் சேரு, மடில ஒரு அட்டை. திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்னா காலைல ஆறு மணிக்கே கூட்டம் நிக்கும். பட்டா, முதியோர் பென்ஷன், பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடை, எல்லாம் அவங்க கையெழுத்துலதான் உள்ள போவும். குண்டூசி நாலஞ்சை உதட்டுல கவ்விக்கிட்டே எழுதுவாங்க. ஒரே ஒரு சட்டம் வெச்சிருந்தாங்க: குறை யாருக்கோ, அவங்க வாயாலதான் சொல்லணும். பொண்டாட்டிக்காக புருஷன் வந்து நின்னா, "போயி அந்தம்மாவைக் கூட்டிட்டு வாய்யா. உனக்கு வலிச்ச மாதிரி நீ சொல்லுவே, அது அவளுக்கு வலிச்ச மாதிரி இருக்காது"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. நாலு கிலோமீட்டர் திரும்ப நடந்தவங்க இருக்காங்க. திட்டிக்கிட்டேதான் நடப்பாங்க.

ஊருக்கே குறை எழுதற ஆளுக்கு வந்த குறையை என்ன எழுதினாங்கன்றதுதான் கதை.

ஒரு நாள் கண்ணாடில நாக்கைப் பாத்தாங்க. எடது ஓரத்துல வெள்ளையா ஒரு திட்டு, தொடைச்சாலும் போவல. பயந்துட்டாங்க. ஒன்றரை மணி நேரம் பஸ்ல போனா ஒரு பல் காலேஜ் இருக்கு, பேரு வேணாம். நயினார் மாமாவே கூட்டிட்டுப் போனாரு.

நயினார் மாமாவைப் பத்தி இங்க ரெண்டு வார்த்தை சொல்லணும். அவரும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு. "ம்." "பாக்கலாம்." அவ்ளோதான். அவங்க ஜைன சமூகத்துல அவருக்கு அதுக்காகவே தனி மரியாதை. கல்யாண வீட்டுல அவரைக் காட்டி, "பேசினா நயினார் மாதிரி அளந்து பேசணும்டா"ன்னு பசங்களுக்குச் சொல்லுவாங்க. வீடு ஆசாரமான வீடு. பொழுது சாயறதுக்குள்ள சாப்பாடு முடிஞ்சிடும். உருளைக்கிழங்கு, வெங்காயம் வாசப்படி தாண்டாது. மாமா வெளிய போய்ட்டு வந்தா நேரா பின்பக்கம் போயி பத்து நிமிஷம் வாய் கொப்பளிச்சு, ஏலக்காய் ஒண்ணு வாயில போட்டுக்கிட்டுதான் பொண்டாட்டி மூஞ்சியையே பாப்பாரு. தேவிம்மா அதை ஆசாரம்னு நெனச்சாங்க. எங்க அம்மா அதைக் காட்டியே எங்க அத்தாவைத் திட்டும்: "பாருங்க, அவரும் ஆம்பளைதானே?"

உண்மை ஸ்கூட்டர் டிக்கில இருந்துது. ஒரு பழைய டியூப் கவர்ல சுத்தின புகையிலைப் பொட்டலம். கீழ்பென்னாத்தூர் போறப்ப ஒண்ணு, மண்டில ரெண்டு, வர்றப்ப ஒண்ணு. கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல. வாயில அது இருக்கறப்ப மனுஷன் வேற எப்படிப் பேசுவாரு? அளந்துதான் பேசணும்.

இனி காலேஜு. தேவிம்மாவை எக்ஸ்ரே ரூமுக்கு அனுப்பிட்டாங்க. வெளிய ஒரு சின்ன டாக்டர், ஹவுஸ் சர்ஜன், பேரு செழியன். அவன் முன்னாடி பெரிய கேஸ் ஷீட், பின்னாடி நாப்பது பேரு க்யூ. பேஷன்ட் வர்ற வரைக்கும் எதுக்கு சும்மா இருக்கணும்னு, தலையைத் தூக்காம, எதுக்க உக்காந்திருந்த மாமாகிட்ட கேட்டு எழுத ஆரம்பிச்சான். பேரு, வயசு, சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா. மாமா எல்லாத்துக்கும் பொண்டாட்டிக்காக ஒழுங்கா பதில் சொன்னாரு. அப்ப அவரு கண்ணு செவுத்துல மாட்டியிருந்த படத்து மேல போச்சு. பாதி தாடை இல்லாத ஒரு ஆளு. கீழ ஒரு பொட்டலம், அதுக்குப் பக்கத்துல மண்டை ஓடு.

அந்த நேரம் பாத்து செழியன், "பழக்கம் ஏதாவது உண்டா சார்?"ன்னான்.

இருபது வருஷமா யாரும் அவரைக் கேக்காத கேள்வி. ஆஸ்பத்திரி, வெள்ளைக் கோட்டு, அந்தப் படம். மனுஷன் உடைஞ்சுட்டாரு.

"இருபது வருஷமா புகையிலை டாக்டர். ஒரு நாளைக்கு நாலு தடவை. வீட்ல யாருக்கும் தெரியாது. சொல்லிடாதீங்க."

செழியன் எழுதிக்கிட்டான். அவன் நல்ல பையன், எழுதினதோட நிக்கல. பாவம் இந்தம்மா வீட்டுக்குத் தெரியாம புகையிலை போடுது, புருஷன் மனசு தாங்காம வந்து சொல்றாருன்னு எடுத்துக்கிட்டு, ஷீட்டு ஓரத்துல பென்சில்ல ஒரு குறிப்பும் போட்டான்: பேஷன்ட்கிட்ட நேரா கேக்க வேணாம், சங்கடப்படுவாங்க. தகவல் சொன்னவர்ன்ற இடத்துல "கணவர்"னு எழுதினான். எவ்ளோ நம்பலாம்னு அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு. அதுல "நம்பகமானவர்"னு டிக் அடிச்சான்.

இதெல்லாம் எங்களுக்குப் பின்னாடிதான் தெரியும்.

தேவிம்மா எக்ஸ்ரேல இருந்து வந்து, "பல்லு நாக்குல குத்துதுங்க டாக்டர்"ன்னாங்க. அதையும் எழுதினாங்க. ஆனா ஷீட்டுல புகையிலைன்னு ஒரு வார்த்தை வந்தப்பறம் உடைஞ்ச பல்லை யாரு மதிக்கறது? செய்ய வேண்டிய வைத்தியம்னு போட்ட பட்டியல்ல பல்லு ஆறாவது எடத்துக்குப் போயிடுச்சு. அஞ்சாவது எடத்துல பல் சுத்தம் பண்றது. திட்டுல கொஞ்சம் வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. புத்து நோய் இல்லன்னு வந்துது. மிச்சத்தை லேசர்ல எடுத்தாங்க. எடுத்தவங்க பேரு டாக்டர் ஓவியா, மேல்படிப்பு படிக்கற பொண்ணு. வேகமா பேசும், ஒவ்வொரு வாக்கியமும் "ஓகேவாம்மா?"ல முடியும். "இப்ப ஊசி போடறேன், ஓகேவாம்மா? கொஞ்சம் எரியும், ஓகேவாம்மா?" கடைசில குரலைத் தாழ்த்தி, "அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுடணும். ஓகேவாம்மா?"

தேவிம்மா யோசிச்சாங்க. தன்கிட்ட என்ன பழக்கம் இருக்குன்னு தேடித் தேடி, உதட்டுல குண்டூசி கவ்வறதுதான்னு முடிவு பண்ணினாங்க. படிச்ச பொண்ணு எப்படியோ கண்டுபிடிச்சிடுச்சுன்னு ஆச்சரியம் வேற. அன்னையிலிருந்து குண்டூசி ஒரு சோப்பு டப்பாவுக்குப் போயிடுச்சு. ஒவ்வொரு ரிவ்யூலயும் ஓவியா கேக்கும், "விட்டுட்டீங்களாம்மா?" தேவிம்மா பெருமையா, "தொடறதே இல்ல"ம்பாங்க. மாமா பக்கத்துல உக்காந்து ஏலக்காய் மென்னுக்கிட்டு இருப்பாரு.

ஓவியா இந்தக் கேஸை ஜர்னல்ல போடணும்னு கையெழுத்து கேட்டுது. தேவிம்மா ஊருக்கே மனு எழுதறவங்க, சும்மா போட்டுடுவாங்களா? ஃபாரத்தை முழுசா படிச்சுட்டு, "அச்சானா எனக்கு ஒரு காப்பி தரணும்"னு பேனாவால சேத்து எழுதிட்டுதான் கையெழுத்தே போட்டாங்க. சொன்ன மாதிரி எட்டு மாசம் கழிச்சு என் வாட்ஸ்அப்புக்குப் பிடிஎஃப் வந்துது.

நான் ஓடிப்போயி காட்டினேன். சாயங்காலம் அஞ்சரை, சாப்பாட்டு நேரம். ஃபோட்டோல மூஞ்சி இல்ல, நாக்கு மட்டும்தான், ஒரு கை துணியால புடிச்சு இழுத்திருந்துது. தேவிம்மா ரெண்டு விரலால பெருசு பண்ணிப் பாத்து, "என்துதான்"ன்னாங்க, பேரக்குழந்தை ஃபோட்டோ பாக்கற மாதிரி. நான் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன். "ஐம்பத்திரண்டு வயசுப் பெண்மணி... நாக்கோட எடது ஓரத்துல வெள்ளைத் திட்டு... இருபது வருஷமா புகையிலை..." என் வாய் தானா நின்னுடுச்சு.

"என்னது?"ன்னாங்க தேவிம்மா.

திரும்பப் படிச்சேன். மாமாவுக்குப் புரையேறிடுச்சு. தண்ணி குடிச்சுட்டு, நான் பாத்து முதல் தடவையா ஒரு முழு வாக்கியம் பேசினாரு. இங்கிலீஷ்ல அப்படித்தான் எழுதுவாங்களாம், அது ஒரு ஃபார்மட்டாம், எல்லாருக்கும் பொதுவா போடறதாம்.

தேவிம்மா சாப்பாட்டை மூடி வெச்சுட்டாங்க. அதுக்குள்ள பொழுது சாஞ்சுடுச்சு, அன்னைக்கு அவங்க பட்டினி.

மறுநாள் அவங்க வாழ்க்கையில முதல் தடவையா சொந்தமா ஒரு மனு எழுதினாங்க. காலேஜ் முதல்வருக்கு. ரெண்டு கோரிக்கை: என்னைக் கேக்காம என்னைப் பத்தி எழுதினதைத் திருத்தணும், பல்லு குத்துதுன்னு சொன்னதை யாராவது காது குடுத்துக் கேக்கணும். ரிஜிஸ்டர் தபால்ல போட மாமாகிட்ட குடுத்தாங்க. பதில் வரல. ரெண்டாவது எழுதினாங்க. மாமாகிட்டதான் குடுத்தாங்க. மூணாவதும். மூணும் ஸ்கூட்டர் டிக்கில, பொட்டலத்துக்கு அடில பத்திரமா இருந்துது.

நான் சமாதானம் சொல்லிப் பாத்தேன். பேரு இல்ல, மூஞ்சி இல்ல, வெறும் நாக்கு, அது யாரோடதுன்னு உலகத்துல எவனுக்குத் தெரியப்போவுதுன்னு. அவங்க கோவப்படல. "நூரைன், நாளைக்கு எனக்கு மறுபடி வந்தா அந்தப் பேப்பரைப் பாத்துதானே வைத்தியம் பண்ணுவாங்க?"ன்னாங்க.

வந்துது. அதே எடத்துல, அதே வெள்ளை, கொஞ்சம் பெருசா. ராத்திரி நாக்கைத் தொட்டுத் தொட்டுப் பாத்து தூங்கறதில்லன்னு சொன்னாங்க. காலேஜுக்குப் போனப்ப ஓவியா முகத்துல வருத்தம். "மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களாம்மா?" இந்தத் தடவை தேவிம்மா நேரா சொன்னாங்க, புகையிலை என் கையால தொட்டதில்லன்னு. ஓவியா தலையாட்டிச்சு. எல்லா பேஷன்ட்டும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. இன்னும் ஒரு தடவை வெட்டணும், இந்தத் தடவை கொஞ்சம் ஆழமா, பேச்சு குழறினாலும் குழறும்னு சொல்லுச்சு. மனுதாரர் பேச்சைக் கேட்டுத் திருப்பிப் படிச்சுக் காட்டிச் சோறு சாப்பிடறவங்க தேவிம்மா. பஸ்ல வர்றப்ப குத்துதுன்னுகூட சொல்லல.

அடுத்த வாரம் ஓவியாவே ஃபோன் பண்ணுச்சு. அதுக்கு ஃபைனல் எக்ஸாமாம். ஒரு பேஷன்ட்டை வெச்சு, வெளியூர் எக்ஸாமினர் முன்னாடி கேஸ் சொல்லணுமாம். திரும்ப வந்த திட்டு, புகையிலைப் பொம்பளை, இதைவிட நல்ல கேஸ் கெடைக்காது. "ப்ளீஸ்மா. வண்டி அனுப்பறேன், சாப்பாடு குடுத்துடறேன், ஓகேவாம்மா?"

தேவிம்மா ஓகேன்னாங்க. மனுவை நாலாவது தடவை எழுதி, இந்தத் தடவை தன் கைப்பையில வெச்சுக்கிட்டாங்க. மாமாவுக்குத் திடீர்னு ஜுரம். தெர்மாமீட்டர் ஒத்துக்கல. நான் கூடப் போறேன்னு சொன்னதும் ஜுரம் விட்டுடுச்சு, அவரும் வரேன்னாரு. பக்கத்துல இருந்தா சமாளிச்சுடலாம்னு கணக்கு.

எக்ஸாமினருக்கு அறுபத்தஞ்சு வயசிருக்கும். மெல்லிசு குரல், ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நீங்க டீ குடிச்சுட்டு வரலாம். தேவிம்மா நாற்காலில சாஞ்சிருந்தாங்க. மாமா செவுத்தோரம், நான் அவரு பக்கத்துல, படிப்பு முடிச்சு அங்கேயே வேலைக்குச் சேந்துட்ட செழியன் டிரே புடிச்சுக்கிட்டு. ஓவியா இங்கிலீஷ்ல கடகடன்னு ஒப்பிச்சுது. "டொபாக்கோ"ன்னு வந்ததும் தேவிம்மா கையைத் தூக்கினாங்க. கிளாஸ்ல பொண்ணு தூக்கற மாதிரி. அப்புறம் கைப்பையைத் தொறந்து மனுவை நீட்டினாங்க.

எக்ஸாமினர் வாங்கி, மெதுவா, முழுசா படிச்சாரு. படிச்சுட்டு ஓவியாவைப் பாத்து, இந்த ஹிஸ்டரி நீயே கேட்டியாம்மான்னாரு. ஓவியாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இல்ல சார், ஓ.பி. ஷீட்டுல இருந்து எடுத்தேன்னு ஒத்துக்குச்சு. ஓ.பி. ஷீட்டு யாரு எழுதினது? டிரே ஆடுச்சு.

அவரு ஒண்ணும் திட்டல. புதுசா ஒரு க்ளவுஸ் போட்டுக்கிட்டு, தேவிம்மா பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

"சொல்லுங்கம்மா. உங்களுக்கு என்ன பண்ணுது?"

"பல்லு நாக்குல குத்துதுங்க ஐயா. எடது பக்கம், கீழ, கடைசிக்கு முந்தின பல்லு."

அவரு அந்தப் பல்லு மேல, நாக்குப் பக்கமா, விரலை வெச்சு ஒரு இழுப்பு இழுத்தாரு. விரலை வெளிய எடுத்து எல்லாருக்கும் காட்டினாரு. க்ளவுஸ் கிழிஞ்சிருந்துது.

க்ளவுஸைக் கிழிச்ச அந்தப் பல்லு முனைக்கு நேராதான் நாக்குல வெள்ளைத் திட்டு. அளவெடுத்துத் தெச்ச மாதிரி. ரெண்டு வருஷமா அந்த நாக்கை ஃபோட்டோ எடுத்தாங்க, வெட்டினாங்க, லேசர் வெச்சாங்க, அச்சடிச்சாங்க. ஒரு விரலை வெச்சுத் தடவிப் பாக்க ஆளில்ல.

அப்பதான் எக்ஸாமினர் கேஸ் ஷீட்டை எடுத்தாரு. தகவல் சொன்னவர்: கணவர். தலையைத் தூக்கினாரு. மாமா செவுத்துக்குள்ள போயிட முடியுமான்னு பாத்தாரு.

"நீங்க கொஞ்சம் வாயைத் தொறங்க."

மாமா தொறந்தாரு. எக்ஸாமினர் கீழ் உதட்டைக் கீழ இழுத்தாரு. உள்ள தோலு வெள்ளையா, சுருக்கம் சுருக்கமா, ஊறின மல்லாட்டைத் தோலு மாதிரி. தேவிம்மா நாற்காலிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பாத்தாங்க. செழியன் டிரேலேர்ந்து அந்தச் சின்னக் கண்ணாடியை எடுத்து, கிட்டக்க வெச்சும் பாத்தாங்க. போயி தன் நாற்காலில உக்காந்து வாயைத் தொறந்துக்கிட்டாங்க. ஓவியா அந்தப் பல்லு முனையை ராவி விட்டுது. அஞ்சு நிமிஷம்கூட ஆவல.

பஸ்ல மாமா பேசினாரு பாருங்க. ஒன்றரை மணி நேரம், நிறுத்தாம. எப்ப ஆரம்பிச்சது, யாரு பழக்கினது, எத்தனை தடவை விடப் பாத்தது, டிக்கில இருக்கற மனு மூணு. இருபது வருஷத்துப் பேச்சு. தேவிம்மா ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே வந்தாங்க, நாக்கை அந்தப் பல்லு மேல வெச்சு வெச்சு எடுத்துக்கிட்டு. இறங்கறப்ப மட்டும் கண்ணைத் தொடைச்சாங்க. பல்லுக்கா, மாமாவுக்கான்னு நான் கேக்கல.

மூணு வாரத்துல திட்டு மறைஞ்சுது. வெட்டல, ஒண்ணும் பண்ணல. ஓவியா பாஸாயிடுச்சு, ஒத்துக்கிட்டதுக்காகத்தான் எக்ஸாமினர் பாஸ் போட்டாருன்னு செழியன் சொல்றான். ஜர்னல்ல ரெண்டு வரியில திருத்தம் வந்துது, பேன் சைஸ் எழுத்துல. தேவிம்மா அதைப் பெருசா ஜெராக்ஸ் எடுத்து, மனு அட்டைக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சிருக்காங்க. கோயில் விசேஷத்துல ஒருத்தங்க வழக்கம் போல, உங்க வீட்டுக்காரர் என்னா அமைதின்னாங்களாம். "ஆமா, வாய் நிறைய அமைதி"ன்னுட்டு நகந்துட்டாங்களாம்.

இப்ப மாமாதான் பேஷன்ட்டு. அவருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க, கெட்டது ஒண்ணும் இல்ல, ஆனா புகையிலையை விடணும், மாசா மாசம் வந்து காட்டணும். போன மாசம் நானும் போயிருந்தேன். செழியன் இப்ப தலையைத் தூக்கிதான் கேள்வி கேக்கறான். விட்டுட்டீங்களா சார்ன்னான். விட்டுட்டேன்னாரு மாமா. செழியனுக்குச் சந்தேகம். பேனாவைப் புடிச்சுக்கிட்டு தேவிம்மா பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க சொல்லுங்க. நிஜமாவே விட்டுட்டாரா?"ன்னு கேட்டான்.

தேவிம்மா சொன்னாங்க:

"என்னை எதுக்குப்பா கேக்கற? இருபது வருஷம் ஒரே வீட்ல இருந்து, மூணு வேளையும் சோறு போட்டு, ஒண்ணும் தெரியாம இருந்தவ நான். என் சாட்சி உனக்கு எந்த மூலைக்கு? ஆளு இதோ எதுர்லயே உக்காந்திருக்காரு, வாயும் அவருதுதான். தொறக்கச் சொல்லி, லைட்டை அடிச்சு, நீ பாத்ததை நீ எழுதிக்க."